நேரான துப்பாக்கி

ஒரு பெட்டிக்குள் இரண்டு பித்தளைத் தோட்டாக் கூடுகள் இருந்தன. வேட்டைக்காரர் முதல் கூட்டில் மருந்தும் குண்டும் அடைத்துத் தன் துப்பாக்கியில் சுட்டார். உள்ளே நெருப்பு பொங்கியதும் கூடு விரிந்து, துப்பாக்கியில் தோட்டா உட்காரும் அறையின் சுவரோடு ஒட்டி, அந்த அறையின் வடிவத்திலேயே பெட்டிக்குத் திரும்பி வந்தது.

"வலித்ததா?" என்று கேட்டது சுடாத கூடு.

"உயிரே போய்விட்டது. ஆனால் உலகத்திலேயே நேரான துப்பாக்கி அதுதான். இப்போது எனக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கிறது."

சில மாதங்களில் அந்தத் துப்பாக்கியின் குழல் விரிசல் விட்டது. அவர் அதே ரகத்தில் வேறொன்று வாங்கினார். முதல் கூட்டை அதில் போட்டபோது கூட்டின் தோள்பகுதி அறையின் சுவரில் இடித்தது. எவ்வளவு அழுத்தியும் உள்ளே போகவில்லை. பக்கத்திலிருந்த டப்பாவில், உருக்கப் போகும் பழைய பித்தளையோடு அதைப் போட்டுவிட்டார்.

"அறை கோணல். செய்தவனுக்குக் கை சரியில்லை," என்றது அது.

சுடாத கூடு வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. சுட்டதும் விரிந்து, சூடு ஆறாமல் பெட்டிக்குத் திரும்பியது.

"கோணல்தானே?" டப்பாவிலிருந்து முதல் கூடு ஆவலோடு கேட்டது.

"உயிரே போய்விட்டது," என்றது மற்றது. "ஆனால் உலகத்திலேயே நேரான துப்பாக்கி அதுதான்."