கொத்தாத கோழி

ஓர் ஊரில் செவலை என்றொரு சிறுவிடைக் கோழி இருந்தாள். அவளைத் தன் வீட்டுக் கொல்லைக்குக் கேட்டு, கோழி கவிழ்க்கும் மூங்கில் பஞ்சாரம் ஒன்று வெள்ளிக்கிழமையாகப் பார்த்து உருண்டு வந்தது.

"இது ஐந்தாவது இடம். இதுவும் தட்டிப்போனால் ஞாயிற்றுக்கிழமை நீ குழம்புதான்டி. அலகை மூடிக்கொண்டு நில்" என்று சித்திக் கோழி காதில் ஓதினாள்.

"நாட்டு ரகம்தானே? கலப்பு எங்களுக்கு ஆகாது" என்றது பஞ்சாரம்.

"ஏழு தலைமுறையாகக் குப்பை கிளறிய குடும்பம், சம்பந்தி!" என்றாள் சித்தி.

"குணம் எப்படி? கொத்துகிற கோழியை நாங்கள் சேர்ப்பதில்லை."

"கொத்தா? அவளுக்கு அலகு இருப்பதே எங்களுக்கு மறந்துபோயிற்று!"

சோதித்துப் பார்க்கப் பஞ்சாரம் ஒரு பிடி கம்பை இறைத்தது. காலையிலிருந்து பட்டினி கிடந்த செவலைக்குக் கண் இருண்டது. ஞாயிற்றுக்கிழமையை நினைத்துக்கொண்டாள். ஒரு மணியைக்கூடத் தொடவில்லை.

"அடடா, என்ன அடக்கம்!" என்று பூரித்த பஞ்சாரம் அன்றே அவளை அழைத்துப்போயிற்று.

புது வீட்டுக் கொல்லை விசாலமாக இருந்தது. கம்பும் சோளமும் கறையானும் கொட்டிக் கிடந்தன. செவலை தயங்கித் தயங்கி, "இனி சாப்பிடலாமா, அத்தை?" என்று கேட்டாள்.

"இதென்ன கேள்வி, கண்ணு! இது உன் வீடு. வயிறாரச் சாப்பிடு" என்றது பஞ்சாரம் வாஞ்சையோடு. "கொத்தாமல் சாப்பிடு."