பதினெட்டு வளைவுக்கு ஒரு மாத்திரை

முப்பது வருடங்களுக்கு முன் கேட்ட ஒரு சிரிப்புச் சத்தம் சுந்தரம்மாளின் காதை விட்டுப் போகவே இல்லை. இன்று கல்யாண வேன் வாசலில் வந்து நின்றபோதும் அது கேட்டது.

காலையில் திண்டுக்கல்லில் தாலி கட்டி, மதியம் சிறுமலைக்கு அழைத்து வந்த மருமகள் சுகன்யா இறங்கினாள். விளக்கேற்றத் தீப்பெட்டி கொடுத்தார்கள். குச்சியை உரசாமல் அப்படியே சுவரில் சாய்ந்து தூங்கிவிட்டாள்.

"சீக்காளிப் பிள்ளையத் தள்ளி விட்டுட்டாக போல" என்றாள் சுந்தரம்மாளின் நாத்தனார்.

"உள்ள கூட்டிட்டுப் போய்ப் படுக்க வைங்க." சுந்தரம்மாள் பெண்ணின் அப்பா மொக்கைச்சாமியிடம் திரும்பினாள். "சம்மந்தி, பிள்ளைக்கு என்ன குடுத்தீக?"

"ஒண்ணும் குடுக்கலையே" என்றார்.

கல்யாணத்துக்கு வந்திருந்த நர்ஸ் சகாயராணி நாடி பிடித்துப் பார்த்தாள்.

"வாந்தி மாத்திரை போட்ட தூக்கம் மாதிரி இருக்கு. நல்ல மாத்திரைதான். ஒண்ணு போட்டா மலையோட பதினெட்டு வளைவும் தெரியாது. கூடிப்போனா மூச்சு மந்தமாயிரும். எத்தனைன்னு உண்மையச் சொல்லுங்க. அப்பத்தான் டாக்டர்ட்ட கேக்க முடியும்."

மொக்கைச்சாமி தலையைக் குனிந்துகொண்டார். "மண்டபத்துல ஒண்ணு குடுத்தேன் சிஸ்டர். யார்ட்டயும் சொல்லாதன்னேன். போன எடத்துல சீக்காளின்னு பேர் வாங்கிரக் கூடாதுல்ல."

மாப்பிள்ளை பழனிக்குமார் மெல்ல வாயைத் திறந்தான். "அடிவாரத்துல நானும் ஒண்ணு குடுத்தேன். சொல்லாதன்னு சொல்லித்தான்."

"நல்ல மாமன், நல்ல மருமகன்" என்றாள் நாத்தனார்.

சகாயராணி சுகன்யாவின் கன்னத்தைத் தட்டினாள். "தாயி, ரெண்டுதானா?"

மூன்று விரல்கள் நிமிர்ந்தன.

"மூணாவது யார் குடுத்தா?"

"சொல்ல மாட்டேன்னு சொல்லியிருக்கேன்" என்றாள் சுகன்யா, கண்ணைத் திறக்காமலே.



"நான்தான்." நிலைப்படியில் நின்ற சுந்தரம்மாள் சொன்னாள். "தாலி கட்டி முடிஞ்சதும் குடுத்தேன்."

"நீங்களா? எதுக்கு மதினி?" நாத்தனாருக்கு நம்ப முடியவில்லை.

"நான் வந்தன்னைக்கி இதே வாசல்ல வாந்தி எடுத்தேன். மொத ஆளாச் சிரிச்சது நீதான்."

டாக்டர் போனில் சொன்னபடி அரை மணிக்கு ஒருதரம் எழுப்பிப் பார்த்தார்கள். மற்ற நேரமெல்லாம் சுந்தரம்மாள் மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

சாயங்காலம் ஆறரைக்கு சுகன்யா எழுந்து, கொட்டாவி விட்டுக்கொண்டே விளக்கேற்றினாள். யாரும் சிரிக்கவில்லை.