கடைசி பெஞ்சு காலி

"எந்திரி இராசம்மா. நீங்க மூணு பேரும்தான். சத்தம் போடாம வந்து அஞ்சாம் வகுப்புல ஒக்காருங்க."

நவமணி டீச்சர் திருட்டு வேலை பார்ப்பது அதுதான் முதல் தடவை. தரையில் உட்கார்ந்திருந்த ரெண்டாம் வகுப்புப் பிள்ளைகள் நாலு பேரைக் கிளப்பிக் கொண்டுவந்து, அஞ்சாம் வகுப்பின் கடைசி பெஞ்சில் வரிசையாக உட்கார வைத்தாள். ஒன்றுக்கும் கால் தரையில் எட்டவில்லை.

"கால ஆட்டாதீங்க. கண்டுபிடிச்சிருவாங்க."

பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து படித்த காலத்தில் இந்தத் தொல்லையே கிடையாது. நாலு பேர் வராவிட்டால் மற்றவர்கள் கொஞ்சம் தள்ளி உட்காருவார்கள், இடம் நிறைந்துவிடும். பெஞ்சு அப்படியில்லை. வராத பிள்ளையை ஊருக்கே காட்டிக் கொடுத்துவிடுகிறது.

எழுபத்தெட்டாம் வருடம் கோலாலம்பூர்த் தமிழ்ப் பத்திரிகை ஒன்று நல்ல காரியம் ஒன்றை ஆரம்பித்தது. வகுப்பறைக்கு என்ன தேவை என்று ஆசிரியர்கள் எழுதிப் போடலாம். வாசகர்களில் மனசுள்ளவர் ஒரு வகுப்பைத் தேர்ந்தெடுத்து அதை வாங்கிக் கொடுப்பார். மலைக் குளிரில், சிமெண்டுத் தரையில், எங்கள் எஸ்டேட் பிள்ளைகள் விறைக்கிறார்கள் என்று நவமணி எழுதினாள். பக்கத்துக் கோலா தெர்லாவில் காய்கறிப் பண்ணை வைத்து, கோபிஸ் என்கிற முட்டைக்கோஸ் விளைவிக்கும் காளியண்ணன் முதலாளி, அஞ்சாம் வகுப்புக்கு மேசையும் பெஞ்சும் செய்து அனுப்பினார். இன்று அதைப் பார்க்க விழா. அவர் மனம் குளிர்ந்தால் ரெண்டாம் வகுப்புக்கும் உண்டு என்று சொல்லியிருந்தார்.

குளிராவிட்டால்? ரெண்டாம் வகுப்புக்குத் தரைதான்.

நவமணிக்கு அதைவிடப் பெரிய கவலை, அஞ்சாம் வகுப்பில் வராத நாலு பேரும் எங்கே என்பது. காலையிலேயே தொழிலாளர் குடியிருக்கும் லயனுக்கு ஓடி விசாரித்துவிட்டாள். "விழான்னு வெள்ளனவே கெளம்பிருச்சுங்களே டீச்சர்!" என்றாள் அந்த நாலு பேரில் ஒருத்தியான வேலாயியின் அம்மா. வழியெல்லாம் பள்ளம், பனிமூட்டம். என்ன ஆயிற்றோ, ஏது ஆயிற்றோ.

வாசலில் கார் வந்து நின்றது. "வாங்க முதலாளி, வாங்க!" பெரிய வாத்தியார் மாலை போட்டு அழைத்து வந்தார்.

காளியண்ணன் மேசையைத் தடவிப் பார்த்தார். "மெராந்தி மரம் டீச்சர். உங்க பேரப்பிள்ளைங்க காலம் வரைக்கும் நிக்கும்."

"ரொம்ப நன்றிங்க."

"நன்றியெல்லாம் எதுக்குலா? பிள்ளைங்க படிச்சா போதும்." வகுப்பைப் பார்த்துத் திரும்பினார். "ஒரு நாள்கூட பள்ளிக்கூடத்த விடக்கூடாது. என்னா?"

"சரிங்க முதலாளி!"

அதோடு போயிருக்கலாம். நேரே கடைசி பெஞ்சுக்கு நடந்தார்.

"ஒம்பேரு என்னாம்மா?"

"இராசம்மா."

"போர்டுல இருக்கிறத வாசி, கேப்போம்."

இராசம்மா கரும்பலகையைப் பார்த்தாள். டீச்சரைப் பார்த்தாள்.

"அது பெரிய பிள்ளைங்க பாடம். நான் ரெண்டாம் வகுப்பு. டீச்சர்தான் இங்க ஒக்காரச் சொன்னாங்க." பிறகு மரியாதைக்கு ஒரு வார்த்தை சேர்த்தாள். "பெஞ்சு நல்லா இருக்கு."

பெரிய வாத்தியார் இருமினார்.

"என்னா டீச்சர் இது? ஏமாத்துறீங்களா?" காளியண்ணன் நவமணியிடம் திரும்பினார்.

"நாலு பேரு வரலீங்க. காலி பெஞ்சப் பாத்தா வருத்தப்படுவீங்களேன்னு... தப்புதாங்க."

"எங்க போச்சுங்க?"

"தெரியலீங்க. எனக்கும் அதான் பயமா இருக்கு."

"எனக்குத் தெரியும்! பெத்தவங்க எங்கயாச்சும் வேலைக்கு வெரட்டி விட்டிருப்பாங்க. படிக்கிற புள்ளைகிட்ட வேல வாங்குறவன் மனுசனா? அவனுங்களுக்கு நான் பெஞ்சு செஞ்சு குடுக்கணுமா?" மாலையைக் கழற்றி மேசைமேல் போட்டார். "ரெண்டாம் வகுப்பு பெஞ்சு வேற எஸ்டேட்டுக்குப் போவட்டும்."

"என்னைய திட்டுங்க முதலாளி. இதுங்க என்ன பாவம் பண்ணுச்சு? தரை அம்புட்டு குளிருங்க." நவமணி அழுதேவிட்டாள்.

அவர் காதில் வாங்கவில்லை. வாசலுக்கு வந்துவிட்டார்.

அப்போது கீழே வளைவில் லோரி ஒன்று நின்று கிளம்பும் சத்தம் கேட்டது. பனிக்குள்ளிருந்து நாலு பிள்ளைகள் ஓடிவந்தார்கள். முன்னால் வேலாயி. சீருடை முழங்கால்வரை நனைந்திருந்தது, கையெல்லாம் சேறு.

நவமணி ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள். உயிர் வந்த பிறகுதான் கோபமும் வந்தது. "எங்கடி போயித் தொலைஞ்சீங்க?"

வேலாயி வாசலில் நின்றவரைப் பார்த்து மிரண்டு போயிருந்தாள்.

காளியண்ணன் குனிந்து அவள் கையைப் பிடித்துச் சேற்றைப் பார்த்தார். "பாத்தீங்களா டீச்சர், நான் சொன்னேன்ல? பயப்படாதம்மா. ஒங்கள வேலைக்கு இழுத்துட்டுப் போனது யாரு? ஒங்கப்பனா? எவனா இருந்தாலும் பேரச் சொல்லு, இன்னிக்கே போலீசுல சொல்லிர்றேன்."

வேலாயி தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"ஒங்க பண்ணையில வேல வாங்குற மண்டோர்தான் முதலாளி. ஆள் பத்தலன்னு, நடந்து வந்த எங்கள வழியிலேயே லோரியில ஏத்திக்கிட்டாரு. இன்னிக்கு நீங்க பெஞ்சு விழாவுக்குப் போவணுமாம். அதுக்குள்ள கோபிஸ் பூராவும் அறுத்து ஏத்திரணும்னு நீங்கதான் சொன்னீங்களாம்."