இரண்டு கைப்பிடி மரத்தூள்

வண்டியின் பின்சக்கரங்களைச் சுழற்றும் டிஃபரன்ஷியல் பெட்டி தேய்ந்து ஊளையிட்டால் அதன் ஆயிலில் இரண்டு கைப்பிடி மரத்தூளைப் போட்டுவிட்டால் போதும், ஒரு மாதத்துக்கு வாயே திறக்காது. வண்டியை விற்கப்போகிறவர்கள் என் பட்டறைக்கு வந்து கேட்டால் செய்து கொடுப்பேன். அந்த நீல வேனுக்கும் அப்படித்தான் செய்தேன். மறுவாரம் அதே வேனைக் கொண்டுவந்து நிறுத்தினாள் மீன் விற்கும் சகாயமேரி.

"நீங்க ஒரு தடவை ஓட்டிப் பாத்துச் சொல்லுங்கண்ணே. வாங்கலாமா?"

ஓட்டிப் பார்த்தேன். சத்தமே இல்லை. "எடுத்துக்கம்மா" என்றேன்.

வாங்கிச் சில மாதம் ஓட்டியபின், இன்று அதைக் கயிறு கட்டி இழுத்து வந்திருந்தாள். பின்னால் மீன் கூடைகளிலிருந்து ஐஸ் தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. அடியில் படுத்து டிஃபரன்ஷியலின் மூடியைக் கழற்றினேன். ஆயில் வரவில்லை. கருகிய தூள் களியாகத் திரண்டு நின்றது. அதற்குள் பல்சக்கரத்தின் பற்கள் உதிர்ந்து கிடந்தன.

"என்னண்ணே இது?" என்று குனிந்து ஒரு விரலால் தொட்டு எடுத்தாள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கப்போனவளின் விரலைச் சட்டென்று இழுத்து வேஸ்ட் துணியால் துடைத்துவிட்டேன்.

சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன்.

"நல்ல வண்டிண்ணே," என்றாள் அதற்குள். "நான்தான் ஆயில் மாத்தாம ஓட்டிக் கெடுத்துட்டேன்."

"பின்ன? மாத்த வேண்டாமா?" என்று அதட்டியது என் வாய்.

அவள் தலை குனிந்தாள். "இனிமே உங்களைக் கேக்காம எதுவும் செய்ய மாட்டேண்ணே."