எஞ்ஜின் போர்வை

கையுறையைக் கழற்றினாள் நரியா. வாசலில் நின்ற காரின் போனட்டைத் தூக்கி, எஞ்ஜின் மேல் விரித்திருந்த கம்பளிப் போர்வைக்கு அடியில் விரல்களை நுழைத்தாள். சுட்டது.

உள்ளே எர்ச்சிம் உடுப்புகூட மாற்றாமல் சோபாவில் சாய்ந்திருந்தான்.

"எப்ப வந்த?"

"மூணு மணிக்கே வந்துட்டேன். ஷிஃப்ட் முடிஞ்சதும் நேரா வீடுதான்."

"மணி இப்ப ஆறரை. எஞ்ஜின் ஏன் இப்படிச் சுடுது?"

"போர்வை போட்டிருக்கேன்ல. மைனஸ் ஐம்பது டிகிரிக் குளிரா இருந்தாலும் சூடு உள்ளேயே நிக்கும். அதுக்குத்தானே தைச்சேன்."

"எஞ்ஜினுக்குப் போர்வை, சரி. முன் கண்ணாடிக்கும் போர்த்தினியா? ஒரு பொட்டு உறைபனி இல்ல."

எர்ச்சிம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

யாகூத்ஸ்கில் எல்லாரும்தான் எஞ்ஜினுக்குப் போர்வை போடுகிறார்கள். ஆனால் இந்தக் குளிர்காலத்தில் எர்ச்சிம் தைத்தது போர்வை அல்ல, மெத்தை. இரண்டு அடுக்குக் கம்பளி, ரேடியேட்டருக்கு முன்னால் அட்டை, பக்கவாட்டு இடுக்குகளில்கூடக் கம்பளித் துண்டுகள்.

எதிர்வீட்டு அக்சீனியா நேற்றே வாயைக் கிளறினாள். "என்னடி நரியா, உன் வீட்டுக்காரன் உனக்குப் போர்த்துறதைவிட வண்டிக்கு நல்லாப் போர்த்துறான்!"

"அவனுக்கு வண்டின்னா உயிரு அக்கா."

"வண்டின்னா மட்டுமா? ஓடுற வண்டிக்கு எதுக்குடி இவ்வளவு கம்பளி? எங்கேயோ மணிக்கணக்கா நிறுத்திவச்சுக் காத்துக் கிடக்கிறவன்தான் இப்படித் தைப்பான். என் முதல் புருஷன்கிட்ட நான் படிச்ச பாடம் இது."

அந்தப் பேச்சு நரியாவின் நெஞ்சில் முள்ளாய்த் தங்கிவிட்டது. அவன் கோட்டுப் பையில் ஹெட்லைட் பல்பின் காலி டப்பா கிடந்ததும் நினைவுக்கு வந்தது. இரண்டு மாதத்தில் இது இரண்டாவது பல்பு. அப்படி எங்கேதான் போய் வருகிறது இந்த வண்டி?

இன்றைக்கும் பொய் சொன்னால் அக்கா வீட்டுக்குப் போய்விடுவது என்று காலையிலேயே முடிவு செய்திருந்தாள். பை கட்டிலுக்கு அடியில் தயாராக இருந்தது.

"யாரு அவ?" என்றாள்.

"யாரு?"

"நீ யாருக்காகக் காத்துக் கிடக்கிறியோ அவ. குன்னெய் போய் மூணு மாசம்கூட ஆகல எர்ச்சிம். அதுக்குள்ள உனக்கு..."

கூடத்தை ஒட்டிய சின்ன அறையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மகள் குன்னெய் இருந்தபோது இரவெல்லாம் எரிந்த விளக்கு. செப்டம்பரில் காய்ச்சல் வந்து அவள் போன பிறகும், அதை அணைக்க இருவருக்குமே கை வரவில்லை.

"நீ அழுது நான் பார்த்ததே இல்ல," என்றாள் நரியா. "அந்த ரூமுக்குள்ள நீ ஒரு தடவை காலெடுத்து வச்சிருப்பியா? அன்னைக்கு நான் 'குழந்தையைப் போய்ப் பார்க்கணும், ஒரே ஒரு தடவை'ன்னு கதறினேன். நீ என்ன சொன்ன?"

அவன் தலை குனிந்தான்.

"சொல்லு, என்ன சொன்ன?"

"புதைச்ச இடத்துக்குத் திரும்பப் போகக் கூடாது, அது நம்ம வழக்கமில்லன்னு சொன்னேன். அடிக்கடி போனா அவங்களுக்குப் போற வழி தப்பிடும்னு."

"நான் கேட்டேனா இல்லையா? பல்லைக் கடிச்சிக்கிட்டு இங்கேயே கிடந்தேன். நீ மட்டும் ஊர் சுத்து."

எர்ச்சிம் எழுந்தான். கொக்கியில் மாட்டியிருந்த அவளுடைய ரோமக் கோட்டை எடுத்து நீட்டினான்.

"போட்டுக்க. வண்டியில ஏறு."

"எங்க, அவ வீட்டுக்கா?"

"ஏறு நரியா."

உறைபனி மூட்டத்தில் தெருவிளக்குகள் மஞ்சள் கறைகளாகத் தெரிந்தன. எந்த வீட்டு வாசலில் நிற்கப்போகிறது, கதவைத் திறப்பவள் எப்படி இருப்பாள் என்று நரியா மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தாள். அழக் கூடாது. அவள் முன்னால் மட்டும் அழவே கூடாது.

வீடுகள் முடிந்தன. தெருவிளக்குகளும் முடிந்தன. கரிய மரங்களுக்கு நடுவே ஒரு மேட்டில் ஏறி வண்டி நின்றது. வீடு இல்லை, வாசல் இல்லை.

எர்ச்சிம் எஞ்ஜினை அணைக்கவில்லை. ஹெட்லைட்டை முழு வெளிச்சத்துக்குத் தூண்டினான்.

வெளிச்சம் பனியைத் தாண்டிப்போய், ஒரு சின்னக் கல்லறையைச் சுற்றி நின்ற, நீல வண்ணம் பூசிய மரவேலியில் விழுந்தது. வேலிக்கு முன்னால் டயர் தடங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இறுகிப் பாறையாகியிருந்தன.

நரியா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"வரக் கூடாதுன்னு நீதானே என்னைத் தடுத்த?"

"உன்னைத் தடுத்துட்டேன். என்னைத் தடுக்க முடியல." அவன் கண்கள் வேலியை விட்டு நகரவில்லை. "கிட்டப் போகல நரியா, சத்தியமா. வண்டியை விட்டு இறங்கினதுகூட இல்ல. தூரத்துல நின்னு லைட் மட்டும் போடுவேன். இந்தக் குளிர்ல ஒரே இடத்துல நின்னா ஓடுற எஞ்ஜினே ஆறிப்போகும். அதான் போர்வை."

"லைட் எதுக்கு?"

மூன்று மாதமாக அவள் பார்க்காத அழுகை அப்போதுதான் உடைந்தது.

"நாலு மணிக்கே இருட்டிடுதே... பாப்பா பயப்படுவாளே."