மடித்தாலும் அணையாத ஏடு

"இதைக் கண்டுபிடிச்சது யாரு?" என்று நஞ்சுண்டன் மறுபடியும் கேட்டார்.

"எல்லாரும் சேர்ந்து செஞ்சதுங்க சார்," என்றான் வெள்ளியங்கிரி.

"போச்சு. வேலை போச்சு. பெட்டியைக் கட்டிட்டுக் கிளம்புங்க."

அமெரிக்காவில், பிளசன்டனில் நஞ்சுண்டன் வீட்டு ஹாலில் ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. மறுநாள் காலை, அவர் வேலை பார்க்கும் ஆராய்ச்சிக்கூடத்தில் வெள்ளியங்கிரி தன் ஜப்பான் ஆராய்ச்சியைப் பற்றிப் பேச வேண்டும். பேச்சு எடுபட்டால் வேலை. நஞ்சுண்டன் தேர்வுக் குழுவில் இல்லை. ஒரே காலேஜ், ஒரே ஊர்ப்பக்கம் என்ற பாசத்தில் வீட்டுக்கு அழைத்து வந்து வறுத்தெடுத்துக்கொண்டிருந்தார்.

எடுபடாவிட்டால் என்ன ஆகும் என்று நினைக்கவே வெள்ளியங்கிரிக்குப் பயமாக இருந்தது. ஜப்பானில், சுகுபா லேபில் மார்ச்சோடு அவன் கான்ட்ராக்ட் முடிகிறது. அதோடு விசாவும் முடிகிறது. மனைவி கயலுக்கு ஏழாம் மாதம். தொழில் மந்தமான இந்தத் தொண்ணூற்றொன்பதில் அங்கே எந்த லேபும் வெளியாளைப் புதிதாக எடுக்கிற நிலையில் இல்லை.

அவன் கையில் தபால்தலை அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் ஏடு. கரன்ட் கொடுத்தால் ஒளிரும். விரலில் சுற்றி மடித்தாலும் அணையாது. மற்றவர்கள் செய்ததெல்லாம் மடித்த உடனே விரிசல் விட்டு அணைந்துபோனது. சூடேற்றிப் பதப்படுத்தும் உலையை நிறுத்தியதும் ஏட்டை வெளியே எடுக்காமல், கதவைத் திறக்காமல், உள்ளேயே ஆறவிட வேண்டும். அவ்வளவுதான் சூட்சுமம். அதைக் கண்டுபிடித்தது அவன் லேபின் சாதனை.

லேபின் சாதனை. வம்பே அங்கேதான். அந்த லேபில் இதை நான் செய்தேன் என்று யாரும் சொல்லிக்கொள்வதில்லை. ஆராய்ச்சிப் பேப்பரில் எல்லார் பேரும் வரும். மீட்டிங்கில் புரொபசர் மட்டும் பேசுவார். தன் பெருமையைப் பேசுகிறவனை ஒரு மாதிரி பார்ப்பார்கள். அங்கே வருஷக்கணக்கில் இருந்து வெள்ளியங்கிரிக்கும் அதே வழக்கம் ஊறிப்போயிருந்தது.

"தம்பி, இது அமெரிக்கா," என்றார் நஞ்சுண்டன். "இங்க இருக்கறது ஒரு வேலை. ஒருத்தரைத்தான் எடுப்பாங்க. எல்லாரும் சேர்ந்து செஞ்சோம்னு சொன்னா, நீங்க ஒண்ணுமே செய்யலைன்னு எழுதிக்குவாங்க. சரி, இதுல யாரெல்லாம் இருந்தீங்க?"

"புரொபசர் மேற்பார்வைங்க. அப்புறம் நானும், இஸ்ரத்துன்னு ஒரு பொண்ணும். கீழக்கரைக்காரப் பொண்ணு."

அந்தப் பேரைக் கேட்டதும் நஞ்சுண்டன் ஏதோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டார்.

"உள்ளேயே ஆறவிடற ஐடியா யாருது?"

வெள்ளியங்கிரி தண்ணீர் டம்ளரை எடுத்துக் குடித்தான். நஞ்சுண்டன் விடவில்லை.

"அடக்கமெல்லாம் பொங்கலுக்கு ஊருக்குப் போறப்ப வெச்சுக்கலாம். சொல்லுங்க."

"நான்தாங்க."

"சத்தமா."

"நான்தான்."

அன்று முழுக்க அதையே சொல்லவைத்தார். முதலில் நடுத்தெருவில் சட்டையைக் கழற்றிவிட்டு நிற்கிற மாதிரி கூச்சமாக இருந்தது. போகப்போகப் பழகிவிட்டது. ரசம் யார் வைத்தது என்று கேட்டால்கூட நான்தான் என்பார் போலிருக்கிறது என்று நஞ்சுண்டனின் மனைவி கலாவதி கிண்டல் செய்தாள்.

மறுநாள் பேச்சு பிரமாதமாக அமைந்தது. ஆராய்ச்சிக்கூடத் தலைவர் அதே கேள்வியைத்தான் கேட்டார். வெள்ளியங்கிரி கண்ணிமைக்காமல் பதில் சொல்லி, ஏட்டை விரலில் சுற்றி எரியவிட்டுக் காட்டினான். எல்லாரும் கைதட்டினார்கள். அவன் கிளம்புவதற்குள் தலைவரே வந்து கைகொடுத்து, வேலை உனக்குத்தான் என்று சொல்லிவிட்டார். ஜப்பானுக்குப் போன் போட்டபோது கயல் சந்தோஷத்தில் அழுதேவிட்டாள்.

ஏர்போர்ட்டுக்கு நஞ்சுண்டனே காரில் கொண்டுபோனார். ஃப்ரீவேயில் ஏறியதும் பேச ஆரம்பித்தார்.

"இனிமே சொல்லலாம். வேலை யாருக்குன்னு முடிவாகற வரைக்கும் வாயைத் திறக்கக் கூடாதுன்னு இருந்தேன். அந்த இஸ்ரத் பொண்ணு போன மாசம் இதே வேலைக்கு வந்திருந்தா."

வெள்ளியங்கிரி திரும்பிப் பார்த்தான். அவளுக்கும் மார்ச்சோடுதான் கான்ட்ராக்ட் முடிகிறது. போன மாதம் அவள் லீவு போட்டது இதற்குத்தான் என்று அதுவரை அவனுக்குத் தெரியாது.

"அவ பேச்சை நானும் கேட்டுட்டு உட்கார்ந்திருந்தேன். நீங்க முதல்ல சொன்னீங்களே, அதே பதில். எல்லாரும் சேர்ந்து செஞ்சதுன்னே அவளும் சொன்னா. உன் பங்கு என்னன்னு தலைவர் தோண்டித் தோண்டிக் கேட்டார். எங்க சீனியர் வெள்ளியங்கிரி இல்லாட்டி எதுவுமே நடந்திருக்காதுன்னு சொல்லிட்டா. அதோட அவளை விட்டுட்டாங்க. அவ சொன்ன பேரை வெச்சுத்தான் உங்களையே கூப்பிட்டாங்க."

"இனி என்ன பண்ணுவாளாம்?"

"ஊருக்கே திரும்பிடுவேன்னு சொன்னா. நல்ல பொண்ணு. இருக்கறதை இருக்கறபடி சொல்லிட்டுப் போயிட்டா."

வண்டியைத் திருப்பச் சொல்ல வெள்ளியங்கிரி வாயெடுத்தான். போனில் கயல் அழுத குரல் காதிலேயே நின்றது. அவன் வாயை மூடிக்கொண்டான்.

"என்ன தம்பி, நீங்களும் அவளை நல்லாத்தானே பாத்துக்கிட்டிருப்பீங்க?" என்று கேட்டார் நஞ்சுண்டன்.

அந்த ஏடு முதன்முதலாக மடித்தும் அணையாமல் எரிந்த வாரத்தில், வெள்ளியங்கிரி பொள்ளாச்சியில் மாப்பிள்ளைக் கோலத்தில் மணையில் உட்கார்ந்திருந்தான். உலைக்குப் பக்கத்தில் இருந்ததும், கதவைத் திறக்காமல் ஆறவிட்டுப் பார்த்ததும் இஸ்ரத் ஒருத்திதான்.