மொட்டை அம்பு

லண்டனில் பார்க்கிங் என்ற இடத்தில் குடியிருக்கும் கிருசாந்தனுக்கு வில்வேட்டை என்றால் பைத்தியம். இங்கே சட்டம் விடாதபடியால், காட்டுப்பன்றி வேட்டைக்கு வருசாவருசம் ஹங்கேரிக்குப் போவான். இம்முறையும் அம்புமுனைகளை அரத்தால் ராவி, கல்லில் தீட்டி, கைமயிரை வழித்துப் பார்த்துத்தான் பெட்டியில் வைத்தான். காலையில் ஒன்று கூர் மழுங்கி மொட்டையாகக் கிடந்தது.

"இதாலயோ பார்சல் வெட்டினனீ?" என்று மனைவி றஜீனாவில் பாய்ந்தான்.

"எனக்கென்ன விசரே? உங்கட அம்பை நான் தொடுறேல்லை."

திரும்பவும் தீட்டிப் பெட்டியைப் பூட்டினான். திறப்பைக் கழுத்தில் கொழுவிக்கொண்டு படுத்தான். விடிந்து பார்த்தால், பூட்டு பூட்டினபடியே இருந்தது. உள்ளே அதே முனை எலும்பில் பட்டதுபோல் மழுங்கிப்போய், அதில் முரட்டு மயிரும் ஒட்டியிருந்தது.

அவனுக்குப் பயம் வரவில்லை. ஆத்திரம்தான் பொத்துக்கொண்டு வந்தது.

"எடுக்கிறவைக்குத் தீட்டி வைக்கத் தெரியாதோ? நான் என்ன உங்களுக்கு வேலைக்காரனோ?" என்று ஆளில்லாத குசினியைப் பார்த்துக் கத்தினான்.

அடுத்த நாள் முனை பளபளத்தது. அவனால் ஒருநாளும் கொண்டுவர ஏலாத கூர் அது. தொட்டது தெரிய முன்னமே விரலில் இரத்தம் வந்தது.

"இஞ்சேருங்கோ, இது ஆர் கொண்டுவந்தது?" என்று றஜீனா மேசையைக் காட்டினாள்.

ஓக் இலைகளின் மேல் பன்றியின் ஈரலில் பாதி கிடந்தது. அதில் இன்னும் ஆவி பறந்துகொண்டிருந்தது.